பலன் யார் கையில்?

தாத்தா பாட்டி வயிற்றுப்பாட்டுக்காகச் செய்து உடம்பு நொந்துபோன ஒரு வேலையை, பேரப்பிள்ளைகள் நாம் பொழுதுபோக்காக விளையாடலாமா? தம்பி தங்கைகளே, இந்த மாதம் நாம் யோசிக்கப் போகும் கேள்வி இதுதான். கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். கொஞ்சம் உள்ளே போனால் உழைப்பு, நிலம், தர்மம் எல்லாம் அதற்குள் கிடக்கிறது.

கேள்வி எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம்ம சிடாம் கிரி பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது லேப்டாப்பிலும் கைப்பேசியிலும் விவசாய விளையாட்டு ஆடுகிறார்கள். சுடுவதும் குத்துவதும் அலுத்துப்போய், பயிர் வைப்பதும் மாட்டுக்குத் தீனி போடுவதுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இளைஞர் மன்றத்துத் தம்பி ஒருவன், "அண்ணே, இத ஆடிப் பாருங்க, மனசு அமைதியாயிடும்" என்று சொல்லி, 'ஸ்டார்டியூ வேலி' என்ற விளையாட்டை எனக்கு ஏற்றிக் கொடுத்தான். மூன்று வாரம் ஆடினேன். ஒருநாள் எங்க பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தது.

"என்னாடா பண்ற?"

"தோட்டத்துல வேல பாக்கறேன் பாட்டி."

பாட்டி சிரிச்சது. "நாங்க காசுக்காகப் பாத்தோம். நீ காசு குடுத்துப் பாக்கறியா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை.

விளையாட்டு எப்படி இருக்கிறது?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இதைச் செய்தவர் எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர். படம் வரைந்தது, இசை போட்டது, நிரல் எழுதியது எல்லாம் அவர் ஒருவரே. நாலு வருஷத்துக்கும் மேல் வீட்டில் உட்கார்ந்து செய்து, 2016 பிப்ரவரி 26-ஆம் தேதி வெளியிட்டார். இன்று வரை 4 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

கதை இப்படித் தொடங்கும். நாம் 'ஜோஜா' என்ற பெரிய கம்பெனியில் ஒரு கூண்டு மாதிரி இடத்தில் உட்கார்ந்து கணினியைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். மனசு வெறுத்துப்போன ஒருநாள், தாத்தா சாகும்போது கொடுத்துவிட்டுப் போன கடிதத்தைப் பிரிக்கிறோம். தன் விவசாய நிலத்தை நமக்கே எழுதி வைத்திருக்கிறார் தாத்தா. வேலையை விட்டுவிட்டு அந்தக் கிராமத்துக்குப் போகிறோம். ஊர்த்தலைவர் 15 விதை கொடுக்கிறார். முள்ளங்கி மாதிரி ஒரு வெள்ளைக் கிழங்கு. கல்லையும் கட்டையையும் அகற்றி, மண்ணைக் கொத்தி, விதை போட்டுத் தண்ணீர் ஊற்றினால் நாலே நாளில் கிழங்கு ரெடி.

இதில் மாயமும் உண்டு. காட்டுக்குள் ஒரு மந்திரவாதி இருக்கிறார். 'ஜூனிமோ' என்ற குட்டிக் குட்டி வனதேவதைகள் இருக்கின்றன. பாழடைந்து கிடக்கும் ஊர்ப் பொதுமண்டபத்தில் அவை குடியிருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் வாரத்தில் எனக்குத் தோன்றியதை அப்படியே சொல்கிறேன். அமைதியாக இருந்தது. காலை ஆறு மணிக்குச் சேவல் கூவும். வெளியே போனால் நேற்று ஊற்றிய தண்ணீருக்கு இன்று ஒரு முளை விட்டிருக்கும். செய்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது. கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட் பார்க்கும் நம்ம பிள்ளைகளுக்கு இது ஏன் பிடிக்கிறது என்று உடனே புரிந்தது. அங்கே ஒரு சின்னப் பாகத்தை ஆயிரம் தடவை சோதித்து அனுப்புகிறோம். அது எந்த நாட்டில் எந்தக் கருவிக்குள் போகிறது என்று நமக்குத் தெரியாது. இங்கே நாம் வைத்த கிழங்கு நம் கண் முன்னால் வளர்கிறது.

இந்த வகை விளையாட்டு பிறந்ததே அப்படிப்பட்ட ஏக்கத்தில்தான். 1996-இல் ஜப்பானில் வந்த 'ஹார்வெஸ்ட் மூன்' இதற்கெல்லாம் முன்னோடி. அதை உருவாக்கிய யாசுஹிரோ வாடா கிராமப்புறத்தில் வளர்ந்து, தோக்கியோவுக்கு வேலைக்குப் போனவர். விட்டு வந்த ஊரின் நினைப்பில் செய்த விளையாட்டு அது. ஆக, ஊரை விட்டு வந்தவனின் மனசுதான் இதற்கு வேர். நமக்கு அந்த மனசு புதுசா என்ன?

மழை வந்தால்

ஆனால் பாட்டி கேட்ட கேள்வி விடவில்லை. ஆட ஆட, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தோட்டம் தெரிய ஆரம்பித்தது. ஒன்று திரையில். இன்னொன்று பாட்டி வேலை பார்த்த ரப்பர் தோட்டம்.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டில் காலையில் எழுந்து மழை பெய்தால் சந்தோஷம். அன்றைக்குப் பயிருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மிச்சமான நேரத்தில் மீன் பிடிக்கப் போகலாம், சுரங்கத்துக்குப் போகலாம். மழை ஒரு பரிசு.

பால்மரக் காட்டில் மழை என்றால் வேறு கதை. பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் மங்குக்குள் விழாமல் மரத்தில் வழிந்து வீணாகும். வெட்டியபின் மழை வந்தாலோ, மங்கில் இருக்கும் பாலோடு தண்ணீர் கலந்து எல்லாம் போச்சு. வேலை இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய் நின்று, வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த நாட்களைப் பற்றிப் பெரியவர்களைக் கேளுங்கள். "மழை பேஞ்சா அடுப்புல பூனை தூங்கும்" என்று எங்க பாட்டி சொல்லும்.

அதே மழைதான். ஒருவனுக்கு ஓய்வு, ஒருத்திக்குப் பட்டினி. மழையில் வித்தியாசம் இல்லை. யார் நிலத்தில் பெய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

கணக்கையும் பாருங்கள். விளையாட்டில் விளைந்ததை வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டால் போதும். இரவு தூங்கப் போகும்போது திரையில் கணக்கு வரும். இத்தனை கிழங்கு, இத்தனை முட்டை, இத்தனை காசு. ஒரு சல்லி குறையாது. யாரும் நடுவில் நிற்கமாட்டார்கள்.

தோட்டத்தில் காண்டாவில் இரண்டு வாளிப் பாலைத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோனால், நிறுப்பார்கள். பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணி என்று அளப்பார்கள். கிராணி எழுதுவதுதான் கணக்கு. அந்தப் பால் என்ன விலைக்குப் போனது, யாருக்குப் போனது என்பது வெட்டியவளுக்குத் தெரியாது. பால்வெட்டுக்கு 400, 500 மரம் உள்ள நிரை. விடியுமுன் இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தொடங்க வேண்டும், ஏனென்றால் குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் நின்றுவிடும். அவ்வளவு நுணுக்கமான கைவேலை அது. உளி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். கொஞ்சம் மேலாகப் போனால் பால் இல்லை. அந்தத் திறமைக்குச் சொந்தக்காரர்கள் நம் பாட்டிகள். ஆனால் மரம் அவர்களுடையது இல்லை. குடியிருந்த லயமும் அவர்களுடையது இல்லை.

இன்னொன்று. விளையாட்டில் தாத்தா நிலத்தை விட்டுவிட்டுப் போகிறார். நம் தாத்தாக்கள் எதை விட்டுப்போக முடிந்தது? நம்மில் பலர் வீட்டில் ஒரு பழைய உளி இருக்கும். கோயில் திருவிழாவில் எடுத்த ஒரு படம் இருக்கும். நம்மைப் படிக்க வைத்த படிப்பு இருக்கும். ஒரு பிடி மண்?

சுமை ஒன்று, தோள் ஒன்று

சரி, அப்படியென்றால் விளையாடக் கூடாதா? பெரியவர்கள் கஷ்டப்பட்டதை நாம் கேலி செய்கிறோமா?

அவசரப்படாமல் யோசிப்போம். கஷ்டமான ஒன்றை இன்பமாகச் செய்வது தவறு என்றால், ஞாயிற்றுக்கிழமை குனுங் ஜெராய் மலை ஏறுகிற பிள்ளைகள் எல்லாரும் தவறு செய்கிறார்கள். வியர்வை இருந்தால் துன்பம், இல்லாவிட்டால் இன்பம் என்பதும் கிடையாது.

தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். காவடி என்பது என்ன? தோளில் வைத்த ஒரு தண்டு, இரண்டு பக்கமும் பாரம். காண்டா என்பது என்ன? தோளில் வைத்த ஒரு தண்டு, இரண்டு பக்கமும் பாரம். நம் தாத்தா அதே தோளில் வருஷம் முழுக்கக் காண்டா தூக்கினார், தைப்பூசத்துக்குக் காவடியும் தூக்கினார். காவடி தூக்கியபோது அழுதார் என்றால் அது பக்தியில். காண்டா தூக்கியபோது அழுதார் என்றால் அது வலியில். பாரம் ஒன்றுதான், தோள் ஒன்றுதான். ஒன்று தானாக ஏற்று, தானாகப் படைத்த சுமை. மற்றது வேறு வழியில்லாமல் ஏற்ற சுமை, அதன் பலனும் வேறு கைக்குப் போனது.

ஆக, பாட்டியின் வேலை துன்பமானதற்குக் காரணம் மண்ணும் மரமும் இல்லை. உழைப்பும் இல்லை. பலன் யார் கையில் இருந்தது என்பதுதான் காரணம். அந்த ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிவிட்டு, மற்ற எல்லாவற்றையும், விடியற்காலையையும் மண்வெட்டியையும் வாளியையும், அப்படியே வைத்திருக்கிறது இந்த விளையாட்டு. அதனால்தான் இனிக்கிறது. நம்மை இழுப்பது சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். சோம்பேறிக்கு எதற்கு மண்வெட்டி? நம்மை இழுப்பது ஒரு பழைய பசி. தன் வேலையின் பலன் தன் கையில் இருக்க வேண்டும் என்ற பசி. அது நியாயமான பசி.

"பலனை எதிர்பாராதே" யாருக்குச் சொன்னது?

இங்கே சமய வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் கையைத் தூக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். "அண்ணே, கீதையில பலனை எதிர்பாராமக் கடமையைச் செய்னுதானே இருக்கு? நீங்க பலன் பலன்னு பேசறீங்களே?"

நல்ல கேள்வி. தோட்டப்புறத்தில் இந்த உபதேசம் ரொம்பத் தவறாகவே பயன்பட்டிருக்கிறது. சம்பளம் பத்தவில்லை என்று சொன்னால், "கர்மா, என்ன செய்வது, கடமையைச் செய்" என்று ஆறுதல் சொல்லி அடக்கிவிடுவது. கீதை அதைச் சொல்லவில்லை.

கீதை எந்த இடத்தில் பிறந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நிலத் தகராறில். பாண்டவர்கள் கடைசியில் ஐந்து கிராமம் மட்டும் கொடு என்று கேட்டார்கள். ஊசிமுனை அளவு நிலம்கூடத் தரமாட்டேன் என்றான் துரியோதனன். அந்தப் போர்க்களத்தில்தான் கண்ணன் பேசுகிறான். பலனில் பற்று வைக்காதே என்றால், துரியோதனனே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளட்டும், நீ போய்ப் பேசாமல் உட்கார் என்று அர்த்தமா? அர்ஜுனன் அப்படி உட்காரப் பார்த்தபோதுதான் கண்ணன் அவனை எழுப்பினான். செயலற்று இருப்பதிலும் பற்று வைக்காதே என்று சேர்த்தே சொன்னான்.

பற்றை விடுவது வேறு, பறிகொடுப்பது வேறு. தன் தட்டில் இருக்கும் சோற்றில் பாதியை எடுத்து அடுத்தவனுக்குக் கொடுத்தால் அது தியாகம். தட்டில் சோறே போடாமல், "பார், இவன் எவ்வளவு பெரிய தியாகி" என்று சொன்னால் அது ஏமாற்று. விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் முதலில் கையில் இருக்க வேண்டும். நம் பாட்டிகளுக்கு அந்த வாய்ப்பையே கொடுக்கவில்லை.

இவ்வளவு இல்லாமையிலும் அவர்கள் கொடுத்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலும் முனீஸ்வரர் மேடையும் யார் காசில் எழுந்தன? சம்பளத்தில் வெள்ளி வெள்ளியாகப் பிடித்துக் கட்டியவைதான். திருவிழாவுக்கு ஒவ்வொரு வீட்டிலும் வரி கட்டினார்கள். கொஞ்சமே கையில் வந்தது. அதிலும் ஒரு பங்கைச் சாமிக்கும் ஊருக்கும் வைத்தார்கள். அதைத் தியாகம் என்று தயங்காமல் சொல்லலாம்.

வனதேவதைக்கு ஒரு படையல்

இப்போது ஜூனிமோவுக்கு வருவோம். விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ஊர்ப் பொதுமண்டபம் இடிந்து கிடக்கிறது. ஆறு அறைகள். அதைச் சரிசெய்ய இரண்டு வழி. முதல் வழி, ஜூனிமோக்களுக்குப் படைப்பது. வசந்தத்தில் விளைந்தது இது, கோடையில் விளைந்தது இது, ஆற்றில் பிடித்த மீன் இது என்று ஒவ்வொரு காலத்திலும் நம் கையில் வந்ததில் ஒரு பங்கைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரே நாளில் முடியாது. பருவம் ஒவ்வொன்றும் 28 நாள். சில பொருள் அந்தந்தப் பருவத்தில்தான் கிடைக்கும். காத்திருந்து கொடுக்க வேண்டும். ஒரு அறைக்கு உரியது நிறைந்ததும், ஜூனிமோக்கள் அந்த அறையைப் புதுசாக்கிவிடும். ஓடாத பஸ் ஓடும். உடைந்த பாலம் நிற்கும். நமக்கு மட்டும் இல்லை, ஊருக்கே.

இரண்டாவது வழி, நாம் விட்டு வந்த அதே ஜோஜா கம்பெனிக்கு 5,000 காசு கட்டி உறுப்பினராவது. பிறகு பணம் கொடுக்கக் கொடுக்க எல்லா வசதியும் வந்துவிடும். ஆனால் பொதுமண்டபம் கம்பெனியின் கிடங்காகிவிடும். ஜூனிமோக்கள் போய்விடும்.

எந்த வழியில் போனாலும் பஸ் ஓடும், பாலம் நிற்கும். விளையாட்டு நம்மைத் தண்டிக்காது. எது சரி என்று நம்மிடமே விட்டுவிடுகிறது. ஒன்றில் நீ படைத்தவன், இன்னொன்றில் நீ வாடிக்கையாளன். கீதையின் மூன்றாம் அத்தியாயம் வேள்வி என்று சொல்வதை இந்த இடத்தில் ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட விளக்கிவிடலாம். கிடைத்ததில் ஒரு பங்கைத் திருப்பி வைத்தால்தான் உலகம் சுழலும், தனக்கு மட்டுமே சமைத்துத் தின்பது பாவம் என்பது அதன் சாரம். தைக்கு முதல் நெல்லைப் பொங்கி வைப்பதும், முனீஸ்வரருக்கு மரத்தடியில் படையல் போடுவதும் இதே கணக்குதான்.

ஆனால் கவனியுங்கள். அந்தப் படையலுக்கு முன்னால் நிலம் நம்முடையது, விளைச்சல் நம்முடையது. அதனால்தான் படைப்பது சாத்தியம்.

பொதுமண்டபத்தை உண்மையிலேயே கட்டியவர்கள்

இது விளையாட்டில்தான் நடக்கும் என்று நினைக்காதீர்கள். நம்ம கெடாவில் நடந்திருக்கிறது.

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக ஆரம்பித்தன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டிப் பலருக்கு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். துண்டான தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலையும் போனது, வீடும் போனது. தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்தவர்களை அந்த மண் தெரியாதவர்களாக்கியது அந்தக் காலம்.

அப்போது துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளிகளிடம் சேர்த்த பணம். மழை பெய்தால் அடுப்பு எரியாத வீடுகளிலிருந்து வந்த பணம். அந்தப் பணத்தில் சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டம் எது தெரியுமா? கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். நம்ம சிடாம் மாதிரியே காதில் விழும் பெயர்.

யோசித்துப் பாருங்கள். பால் வெட்டுகிறவன் அந்தத் தோட்டத்தின் பங்குதாரன். ஒரு வாரம் அரிசியைக் குறைத்து, பத்து வெள்ளியை எடுத்துக் கொடுத்த ஒருவன், தன் பிள்ளையைப் பார்த்து, "இது நம்ம தோட்டம்டா" என்று சொல்ல முடிந்தது. விளையாட்டில் தாத்தா தரும் நிலத்தை, நிஜத்தில் தாத்தாக்கள் கூடிச் சேர்ந்து விலை கொடுத்து வாங்கினார்கள். வனதேவதை வரவில்லை. மந்திரவாதி வரவில்லை. சேர்ந்து நின்றதுதான் மாயம்.

அதற்கும் முன்னால், 1946-47-இல், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைக்கு எதிராக நின்றார்கள். ஏன் கள்ளு? உழைத்த காசு ஒரு வழியாகக் கையில் வந்தாலும், வீடு போய்ச் சேருமுன் அந்தக் கடையில் போய்விட்டது. பலனை அடுத்தவன் பறிப்பது ஒன்று. கைக்கு வந்த பலனை நாமே கரைப்பது இன்னொன்று. இரண்டையும் எதிர்த்துத்தான் போராட வேண்டியிருக்கிறது என்று அன்றைக்கே புரிந்துகொண்ட இளைஞர்கள் அவர்கள். இளைஞர் மன்றம் என்று நாம் பெயர் வைத்துக்கொண்டால், அவர்கள் நம் மூத்தவர்கள்.

விளையாட்டு சொல்லாத மூன்று

விளையாட்டைப் புகழ்ந்து மட்டும் முடித்தால் நியாயம் இல்லை. அது மறைப்பதும் உண்டு.

ஒன்று, நேரம். விளையாட்டில் ஒரு நாள் என்பது நிஜத்தில் சுமார் 14 நிமிடம். "இன்னும் ஒரே ஒரு நாள்" என்று சொல்லிச் சொல்லி நம்முடைய ஒரு இரவு போய்விடும். அந்த விளையாட்டிலேயே இரவு இரண்டு மணிக்கு மேல் விழித்திருந்தால் ஆள் மயங்கி விழுந்துவிடுவான். பாவம், அவனுக்கு இருக்கும் அந்த விதி நமக்கு இல்லை. மறுநாள் ஏழு மணி ஷிப்ட்டுக்கு யார் போவது? கள்ளுக்கடையில் போனது காசு. இங்கே போவது தூக்கம். தன் உழைப்பின் பலனைக் கரைக்கும் எதுவாக இருந்தாலும் அளவு தெரிந்து தொடுவது நல்லது.

இரண்டு, மனிதர்கள். விளையாட்டில் ஊர்க்காரர்களுக்கு வாரத்துக்கு இரண்டு தடவை பிடித்த பரிசு கொடுத்தால் இதயம் இதயமாக அன்பு ஏறும். நிஜ ஊரில் அப்படி இல்லை. கோயில் கமிட்டியில் ஒரு கருத்து சொல்லிப் பாருங்கள், தெரியும். இரண்டு வருஷம் பேசாமல் இருக்கும் மாமாவை மறுபடி பேச வைக்க எந்தப் பரிசும் உதவாது. பொறுமை வேண்டும், போய் நிற்க வேண்டும், சில நேரம் திட்டும் வாங்க வேண்டும். ஆனால் இடிந்த மண்டபத்தை எழுப்ப வேறு ஆட்கள் நமக்கு இல்லை. இவர்கள்தான்.

மூன்று, மற்றவர் உழைப்பு. அந்தப் பண்ணையில் நாமே முதலாளி, நாமே தொழிலாளி. அதனால் யாரையும் சுரண்டும் கேள்வியே வராது. நிஜத்தில் நாம் சாப்பிடும் ஒவ்வொரு கவளத்திலும் வேறொருவர் கை இருக்கிறது. இன்று நம்ம பக்கத்துச் செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர்களில் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளிகள் நிறைய. நம் தாத்தா கப்பலில் வந்த மாதிரி அவர்கள் விமானத்தில் வருகிறார்கள். அவர்கள் ஊரில் ஒரு பாட்டி அவர்கள் அனுப்பும் பணத்துக்குக் காத்திருக்கிறது. "பங்களா" என்று ஒரு இளக்காரமாக நாம் கூப்பிடும்போது, நம் தாத்தாவை "கூலி" என்று கூப்பிட்ட குரல் நம் வாயில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பலன் உழைத்தவன் கையில் இருக்க வேண்டும் என்பது தர்மம் என்றால், அது நமக்கு மட்டுமான தர்மம் இல்லை.

ஆடலாமா, கூடாதா?

ஆடலாம். என் பதில் அதுதான். பாட்டி பட்ட துன்பத்துக்கு மரியாதை செய்வது என்றால், நாமும் துன்பப்பட வேண்டும் என்பதில்லை. நாம் துன்பப்படக் கூடாது என்பதற்காகத்தானே அவர்கள் அந்த இருட்டில் எழுந்தார்கள்? பேரன் ஒருவன் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து, மழையைப் பார்த்துச் சந்தோஷப்பட முடிகிறது என்றால், அதுவும் அவர்கள் வெட்டிய பாலின் பலன்தான்.

ஆனால் அந்த இன்பம் எதனால் வருகிறது என்று தெரிந்து ஆட வேண்டும். என் உழைப்பு, என் விளைச்சல், அதில் ஒரு பங்கை நானாகவே ஊருக்கு வைக்கிறேன், இந்த மூன்றும் சேர்ந்ததால் வரும் இன்பம் அது. திரையில் அதைச் சுவைத்துவிட்டு, வெளியே வந்ததும் மறந்துவிட்டால் அது வெறும் மிட்டாய். வெளியே வந்து, நாம் வேலை பார்க்கும் இடத்தில், நம் வீட்டில், நம் கோயிலில் அந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினால் அது பாடம்.

சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஓவர்டைம் கணக்கு சரியா என்று பாருங்கள், கேட்கப் பயப்படாதீர்கள். கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா பெயரில் பங்கு இருந்ததா என்று வீட்டில் விசாரியுங்கள். சில வீட்டு அலமாரியில் அந்தக் காகிதம் இன்னும் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் நாலு அடி இடம் இருந்தால் ஒரு முருங்கையோ கறிவேப்பிலையோ வையுங்கள். நாலு நாளில் வராது. வருகிறபோது முதல் கொத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

சிடாம் கிரி என்ற பெயரில் 'கிரி' நம் காதுக்கு மலை. மலாயில் அது இடது பக்கம். ஒரே சொல்லை இரண்டு விதமாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாம். 'தோட்டம்' என்ற சொல்லையும் இனி இரண்டு விதமாகக் கேட்போம். பாட்டி கை காய்த்துப்போன இடம் என்று ஒரு காதில். பலன் உழைத்தவர் கையிலேயே இருக்கப்போகும் இடம் என்று இன்னொரு காதில். முதலாவதை மறக்காமல் இரண்டாவதைக் கட்டி எழுப்புவதுதான் நம் தலைமுறையின் வேலை. அந்த வேலைக்கு ஜூனிமோ வராது. மன்றக் கூட்டத்துக்கு நீங்கள் வந்தால் போதும்.